ஏறுது, ஆனா ஏத்தம் குறைஞ்சிருச்சு!

கம்பம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைகளில் ஜூன் தொடங்கி டிசம்பர் வரை ஒரு கேள்வி மட்டும் மாறவே மாறாது: “டேம் எவ்வளவுண்ணே?” பதில் அடிக்கணக்கில் வரும். “நூத்தி இருபத்தெட்டு.” பேச்சு அதோடு நிற்காது. நாளிதழை நாலாக மடித்துப் பெட்டிச் செய்தியைப் பார்த்தவர் அடுத்ததையும் சொல்வார்: “ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா ஏத்தம் குறைஞ்சிருச்சு.”

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கணக்கு வாத்தியாரிடம் கொடுத்தால் கரும்பலகையில் இரண்டு வரி எழுதுவார். முதல் வகைக்கெழு மிகை. இரண்டாம் வகைக்கெழு குறை. பிளஸ் டூ மாணவர் ஒருவர் இந்த இரண்டு வரிக்கு வந்து சேரப் பல மாதம் ஆகும். டீக்கடைக்காரர் எட்டாம் வகுப்போடு நின்றவராக இருக்கலாம். நீர்மட்டம் என்பது ஒன்று, அது மாறும் வேகம் இன்னொன்று, அந்த வேகமே கூடுகிறதா குறைகிறதா என்பது மூன்றாவது விஷயம் என்று அவருக்குத் தெரியும். கால்குலஸ் என்கிற நுண்கணிதத்தின் முதல் பாதி இவ்வளவுதான். மீதிப் பாதியும் அதே பெட்டிச் செய்தியில் இருக்கிறது.

அந்தப் பெட்டியில் நான்கு எண்கள் வரும். முல்லைப் பெரியாறு அணையின் காலை 6 மணி நீர்மட்டம், நீர்வரத்து, நீர்திறப்பு, இருப்பு. மட்டம் அடியில், இருப்பு மில்லியன் கனஅடியில், வரத்தும் திறப்பும் விநாடிக்கு இத்தனை கனஅடி. மட்டமும் இருப்பும் ‘எவ்வளவு இருக்கிறது’ என்பதற்கான விடை. வரத்தும் திறப்பும் ‘எவ்வளவு வேகத்தில்’ என்பதற்கானவை. வேகத்தை நேரத்தோடு சேர்த்துக் கூட்டினால் இருப்பு. இருப்பின் மாற்றத்தை நேரத்தால் பிரித்தால் வேகம். முன்னதைப் பாடநூல் தொகையிடல் என்கிறது, பின்னதை வகையிடல் என்கிறது. ஒன்றை மற்றொன்று திருப்பிப் போடும் என்பதே இந்தக் கணிதத்தின் அடித்தளத் தேற்றம்.

தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர்கள் இதில் அடிக்கடி சறுக்குவதுண்டு. ‘அணைக்கு 5,000 கனஅடி தண்ணீர் வந்தது’ என்று ‘விநாடிக்கு’ என்ற சொல்லை விழுங்கிவிடுவார்கள். 5,000 கனஅடி என்றால் ஒரு கல்யாண மண்டபத் தொட்டி அளவு. விநாடிக்கு 5,000 என்றால் ஒரே நாளில் 432 மில்லியன் கனஅடி. பள்ளத்தாக்கில் வயல் வைத்திருப்பவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டிய வாய்ப்பாடு ஒன்று: விநாடிக்கு 1,000 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 86.4 மில்லியன் கனஅடி. ஒரு நாளில் ஒரு டிஎம்சி (ஆயிரம் மில்லியன் கனஅடி) சேர வேண்டுமென்றால் விநாடிக்கு 11,574 கனஅடி வர வேண்டும்.

இதை வைத்து ஒரு கணக்குப் பார்க்கலாம். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் சாகுபடி 14,707 ஏக்கர். முதல்போகத்துக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறக்கும்போது பாசனத்துக்கு விநாடிக்கு 200 கனஅடி, குடிநீருக்கு 100 கனஅடி, 120 நாட்களுக்கு என்று அறிவிப்பு வருவது வழக்கம். பாசனப் பங்கை மட்டும் கூட்டினால் 2,074 மில்லியன் கனஅடி, அதாவது இரண்டு டிஎம்சிக்குச் சற்று மேல். அந்தத் தண்ணீர் முழுவதையும் 14,707 ஏக்கரிலும் சமமாகப் பரப்பினால் மூன்றே கால் அடி உயரத்துக்கு நிற்கும். நாற்றங்காலில் தொடங்கி அறுப்பு வரை நெல் குடிப்பது, மண் குடிப்பது, வெயில் குடிப்பது எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பற்றாததை மழை தர வேண்டும். உத்தரவில் ‘200’ என்று ஒற்றை எண்ணாக இருப்பது வயலில் மூன்றே கால் அடியாக மாறும் இடத்தில் தொகையிடல் நடந்து முடிந்திருக்கிறது. யாரும் அதற்கு அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

சரி, இருப்பு எவ்வளவு என்று எப்படித் தெரிகிறது? அணைத் தண்ணீரை யாரும் படியால் அளந்ததில்லை. கல்தோசையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல நினைத்துக்கொள்ளலாம். அடியில் சின்னத் தோசை. மேலே போகப் போகப் பெரிய தோசை. ஒவ்வொரு மட்டத்திலும் தண்ணீர் எவ்வளவு பரப்பில் நிற்கும் என்று நில அளவை செய்து, அந்தப் பரப்பைத் தோசையின் கனத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் கொள்ளளவு. தோசையை எவ்வளவு மெல்லிசாக வார்க்கிறோமோ அவ்வளவு துல்லியம். அணை அலுவலகத்தில் இருக்கும் கொள்ளளவு அட்டவணை இப்படிப் பிறந்ததுதான்.

இதிலிருந்து விழும் முடிவு ஒன்று சுவையானது. அடியில் ஏறும் ஓர் அடியும் உச்சியில் ஏறும் ஓர் அடியும் ஒன்றல்ல. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருடன் கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகையில் நீர்தேங்கும் நிலம் 8,000 ஏக்கர். 155 அடி உயரக் கோட்டுக்குள் அடங்கும் இடம் அது. அந்த உயரத்தில் ஓர் அடி என்பது ஏறக்குறைய 348 மில்லியன் கனஅடி. 136இலிருந்து 142 வரையிலான ஆறு அடிக்கு ஏறத்தாழ ஒன்றரை டிஎம்சி; சராசரியாக அடிக்கு 250 மில்லியன் கனஅடி. இன்னும் கீழே போனால் அடிக்கு அதைவிடக் குறைவு. உயரத்தைப் பொறுத்துக் கொள்ளளவை வகையிட்டால் கிடைப்பது நீர்ப்பரப்பு. பாடநூலில் இப்படி ஒரு வரி இருந்தால், ‘மேல இருக்கிற ஓரடிக்குத்தாண்டா சண்டையே’ என்று கூடலூர்ப் பையன் ஒருவன் பெஞ்சிலிருந்தே சொல்லிவிடுவான்.

சண்டை என்று வந்துவிட்டதால், எத்தனை அடி தேக்கலாம் என்று தமிழ்நாடும் கேரளமும் போடும் அந்தச் சண்டையையும் பார்த்துவிடலாம். பொறியாளர் பென்னிகுக் 1895இல் கட்டி முடித்தது எடையால் நிற்கும் அணை. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்ந்த அதன் பாரமே தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறது. தண்ணீரின் அழுத்தம் ஆழத்துக்கு ஏற்ப நேராகக் கூடும். மேலிருந்து கீழ்வரை எல்லா ஆழத்தின் அழுத்தத்தையும் கூட்டினால் மொத்தத் தள்ளுவிசை ஆழத்தின் இருபடியாக வளர்கிறது. அந்த விசை அணையைக் குப்புறச் சாய்க்க முயலும் திருப்புதிறன் முப்படியாக வளர்கிறது. நீர்மட்ட அளவையே ஆழமாக வைத்துக்கொண்டால், 136 அடியை 142 ஆக்கும்போது உயரம் கூடுவது 4.4 சதவீதம்தான், தள்ளுவிசை 9 சதவீதம், திருப்புதிறன் 14 சதவீதம் கூடுகிறது. கேரளத்தில் ஒருவர் இதைக் காட்டிப் பதறலாம். தமிழ்நாட்டில் ஒருவர் அதே வளைகோட்டை மேலிருந்து படிக்கலாம்: அணை வடிவமைக்கப்பட்டது 152 அடிக்கு, 142இல் நிறுத்தினால் தள்ளுவிசை 13 சதவீதமும் திருப்புதிறன் 18 சதவீதமும் குறைவு. அதற்கு மேல் 1979க்குப் பிறகு அணையின் தலையில் கான்கிரீட் பாரம் ஏற்றி, கம்பி நங்கூரம் இறக்கி, முதுகில் கான்கிரீட் அணைவு கொடுத்துப் பலப்படுத்தியும் இருக்கிறார்கள். நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான குழு பார்த்தது. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 142 அடியை உறுதிசெய்தது. அந்த ஆண்டு நவம்பர் 21இல் தண்ணீர் அந்த அளவைத் தொட்டது. இரு மாநில மேடைகளிலும் அடிக்கணக்கு மட்டும் முழங்குகிறது. இருபடி, முப்படி பற்றிப் பேசியிருந்தால் கூச்சல் பாதியாகக் குறைந்திருக்கும். வாதம் நேர்க்கோடு அல்லாத ஒன்றைப் பற்றியது. இரு தரப்பும் அதை நேர்க்கோடாகவே பேசிப் பழகிவிட்டார்கள்.

அணையின் உள்ளே சுரங்க நடையில் கசிவு நீரை அளப்பார்கள். அதுவும் வேகம்தான்: நிமிடத்துக்கு இத்தனை லிட்டர். மேற்பார்வைக் குழு வரும்போதெல்லாம் இந்த எண் செய்தியில் அடிபடும். கசிவு எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. மட்டம் ஓர் அடி ஏறும்போது கசிவு எவ்வளவு ஏறுகிறது, போன ஆண்டு இதே மட்டத்தில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மருத்துவர் சர்க்கரை அளவை ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் முடிவு கட்டுவதில்லையே, அதுபோல.

2021 அக்டோபர் 29இல் உபரிநீர் மதகுகள் திறக்கப்பட்டபோது பள்ளத்தாக்கு முழுக்கப் புழங்கிய சொல் ‘ரூல் கர்வ்’. 142 வரை அனுமதி இருக்கும்போது 138இலேயே ஏன் திறந்தீர்கள் என்று விவசாயிகள் கொதித்தார்கள். ஆண்டின் இந்த நாளில் இந்த மட்டத்துக்கு மேல் போகக் கூடாது என்று நாளைக் கிடைக்கோட்டிலும் மட்டத்தைச் செங்குத்துக்கோட்டிலும் வைத்து வரைந்த கோடு அது. பெரிய மழை இனிமேல்தான் வரும் என்றால் காலி இடம் வைத்திரு. மழைக்காலம் முடியப்போகிறது என்றால் நிரப்பிக்கொள். யோசனை சரியானதுதான். கோபத்திலும் நியாயம் இருந்தது. ஒரு மாவட்டத்தின் நெல்லைத் தீர்மானிக்கும் கோட்டை அந்த மாவட்டத்து மக்கள் பத்திரிகையில் ஒரு படமாகக்கூடப் பார்க்கவில்லை. கோட்டைக் காட்டாமல் பெயரை மட்டும் சொன்னால் அது சதியாகத்தான் கேட்கும்.

தண்ணீர் மலையைத் துளைத்த வழியே இந்தப் பக்கம் வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர்கேம்ப்பில் சுழலியைச் சுழற்றுகிறது. நான்கு மின்னாக்கிகளும் முழுவீச்சில் ஓடினால் 168 மெகாவாட். விநாடிக்கு 100 கனஅடி இறங்கினால் சுமாராக 9 மெகாவாட். மெகாவாட் என்பதும் வேகம். நாள் முழுக்கச் சேர்ந்தால்தான் யூனிட். அந்த 100 கனஅடி ஒரு நாள் ஓடினால் இரண்டு லட்சம் யூனிட்டுக்கு மேல். வீட்டு வாசலில் தொங்கும் இபி மீட்டர் ஓயாமல் தொகையிட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கருவி என்று எந்தக் கணக்கு வகுப்பிலாவது சுட்டிக்காட்டுகிறார்களா? ஆண்டிப்பட்டி, கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளில் இன்னும் வேடிக்கை. காற்றின் திறன் வேகத்தின் முப்படி. காற்று ஒரு சதவீதம் கூடினால் மின்சாரம் மூன்று சதவீதம் கூடும். இரட்டித்தால், விசிறி தாங்குகிற வரை, எட்டு மடங்கு. ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மீட்டர் பறக்கும்.

அணையை விட்டு மலையேறினால் ஏலக்காய். தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. பறித்த பச்சைக்காய் மாலையில் ஸ்டோருக்கு வரும். ஸ்டோர் என்றால் கடையல்ல, காய் உலர்த்தும் கூடம். தட்டுகளில் பரப்பி, கதவடைத்து, சூட்டை ஏற்றுவார்கள். நாலரை, ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகும். ஆனால் அந்த ஈரம் ஒரே வேகத்தில் போவதில்லை. முதல் சில மணி நேரத்தில் மளமளவென்று இறங்கும். கூடம் முழுக்க ஆவியும் வாசனையும். பிறகு மந்தமாகும். கடைசி ஈரம் போக மனமில்லாததுபோல இழுத்தடிக்கும். எவ்வளவு ஈரம் மிச்சமோ அதற்கேற்ற வேகத்தில்தான் ஈரம் வெளியேறும். ஆறும் காபிக்கும் இதே விதி, உடம்பிலிருந்து இறங்கும் மருந்துக்கும் இதே விதி. வகைக்கெழுச் சமன்பாடு என்ற தலைப்பில் பிளஸ் டூவில் வருவது.

ஸ்டோரில் நிற்பவருக்குச் சமன்பாடு தேவையில்லை. எப்போது நிறுத்துவது என்பது தேவை. அவர் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளுகிறார். உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்க்கிறார். காம்பு உதிர்கிறதா? காதருகே குலுக்குகிறார். உள்ளே அரிசி சலசலக்கிறதா? முன்னாடியே நிறுத்தினால் பூஞ்சை பிடிக்கும், பச்சை நிறம் மங்கும், போடி ஏலத்தில் விலை விழும். தாமதமாக நிறுத்தினால் விறகுச் செலவு, எடை நஷ்டம். 10 சதவீத ஈரத்தில் 100 கிலோ நிற்கும் காய் 8 சதவீதத்துக்கு இறங்கினால் 97.8 கிலோதான். கிலோ 2,000 ரூபாய் என்று வைத்தாலும் 4,400 ரூபாய் ஆவியாகப் போய்விடுகிறது. இன்னொரு மணி நேரம் சூடேற்றினால் வரும் லாபமும் போகும் நஷ்டமும் சமமாகும் அந்தப் புள்ளியைத்தான் அவர் கை தேடுகிறது. பெருமம், சிறுமம் என்று பாடத்தில் பெயர். வகைக்கெழுவைப் பூஜ்யமாக்கிக் கண்டுபிடி என்பார்கள்.

கீழே திராட்சைத் தோட்டத்தில் இதே கேள்வி வேறு உருவத்தில். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, கவாத்து வெட்டிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது. வெயில் காலத்தில் சீக்கிரம் வரும். மார்கழியில் பத்து நாள் இழுக்கும். கொடிக்கு நாட்காட்டி தெரியாது, சூடு தெரியும். ஒரு நாளின் சராசரி வெப்பம் 26 டிகிரி என்றால், திராட்சை வளராத 10 டிகிரியைக் கழித்து 16 என்று வரவு வைத்து, நாள்தோறும் கூட்டிக்கொண்டே போவது வேளாண் விஞ்ஞானிகளின் முறை. அதுவும் தொகையிடல். காய் நிறம் மாறிய பிறகு இனிப்பு கிடுகிடுவென ஏறும்; பிறகு தளரும். ஏற்றம் தளரும் நேரத்தில் வானம் கறுத்தால், இன்னும் ஒரு நாள் விட்டால் கூடும் இனிப்பு பெரிதா, ஒரு மழையில் தோல் வெடித்துப் போகும் குலை பெரிதா என்று சுருளிப்பட்டித் தோட்டக்காரர் நிமிடத்தில் முடிவெடுப்பார். வியாபாரியின் லாரியும் அதே நிமிடத்தில் வந்து நின்றால் அது அதிர்ஷ்டம்.

போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு போனவர்களுக்கு ஒன்று தெரியும்: வேகம் குமட்டுவதில்லை. நேர்ச்சாலையில் எண்பதில் போனாலும் தூக்கம்தான் வரும். திடீர்த் திருப்பம்தான் வயிற்றைப் புரட்டும். நல்ல ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒரே வெட்டில் ஒடிக்காமல் சிறுகச் சிறுகத் திருப்புகிறார். ரயில் ஓட்டுபவருக்கு அந்தச் சலுகை இல்லை. தண்டவாளமே சிறுகச் சிறுக வளைய வேண்டும். மதுரை – போடி மீட்டர் கேஜ் பாதை 2010இன் முடிவோடு நின்று, 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் அகலப் பாதையாக ரயில் திரும்பி வந்தது. நேர்ப்பாதை வட்ட வளைவில் சேரும் இடங்களில் இந்திய ரயில்வே முப்படிப் பரவளையம் என்ற வளைகோட்டைப் போடுகிறது. தூரம் போகப் போக வளைவு சீராகக் கூடும்படி அமைத்த கோடு. ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டும்போது கையிலிருக்கும் டீ சிந்தாமலிருந்தால் பாதி நன்றி அதற்குப் போக வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விலகல். நியூட்டனும் லைப்னிட்ஸும் பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கணிதத்தை முழு உருவாக்கினார்கள். அதற்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுக்கு முன், இதே மலைத்தொடருக்கு மேற்கே, சங்கமக்கிராமத்து மாதவர் வட்டத்தின் சுற்றளவையும் சைன், கோசைன் மதிப்புகளையும் முடிவில்லாத் தொடர்களாக எழுதும் வழியைக் கண்டிருந்தார். ஜேஷ்டதேவர் 1530 வாக்கில் ‘யுக்திபாஷா’வில் அவற்றுக்கான காரணங்களை மலையாள உரைநடையில் விளக்கினார். 1940களில் சென்னையில் சி.டி.ராஜகோபால் அவற்றைப் பற்றி எழுதினார். கால்குலஸையே நாம்தான் கண்டுபிடித்தோம் என்று மார்தட்டுவது மிகை. வில்லைத் துண்டு துண்டாக்கிக் கூட்டி எல்லைக்குக் கொண்டுபோகும் யோசனை மலைக்கு அந்தப் பக்கமே இருந்தது என்பது உண்மை.

இந்தப் பக்கம், பள்ளிக்கூடத்தில், வரிசை தலைகீழாக இருக்கிறது. எல்லை என்றால் என்ன என்ற வரையறையில் தொடங்கி, சூத்திரங்களை மனப்பாடம் செய்து, நூறு கணக்குப் போட்டு முடித்தபின் ‘பயன்பாடுகள்’ வருகின்றன. அங்கேயும் சுவரில் சாயும் ஏணி, நிரம்பும் கூம்புத் தொட்டி. ஏணி எங்கே சாய்ந்தது, தொட்டி யாருடையது என்று தெரியாது. ‘இது எதுக்கு சார்?’ என்று கேட்கும் மாணவருக்கு ‘இன்ஜினீயரிங்ல வரும்’ என்பது வழக்கமான பதில். வணிகவியல் எடுத்தவருக்கும், போடியில் அப்பாவின் ஏலக்காய் மண்டியில் உட்காரப்போகிறவருக்கும் அந்தப் பதிலில் ஒன்றுமில்லை. குற்றம் ஆசிரியருடையதல்ல. தேர்வில் கேட்பதை அவர் நடத்துகிறார். பாடநூல் மாநிலம் முழுமைக்கும் ஒன்று. ஆனால் கம்பத்துக்கு ஓர் அணையும் திருப்பூருக்கு ஒரு சாயப்பட்டறையும் தூத்துக்குடிக்கு ஓர் உப்பளமும் இருக்கின்றன. பிளஸ் ஒன் வகுப்பில் முதல் வாரம் சூத்திரமே வேண்டாம். காலை 6 மணி எண்களைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி, ஜூன் முதல் டிசம்பர் வரை தினம் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வரட்டும். புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வு என்ன என்று பிள்ளைகளே கேட்பார்கள். நீர்வளத் துறை நாளுக்கு ஒரு முறை தரும் எண்ணோடு ரூல் கர்வ் படத்தையும் கொடுத்தால் நாளிதழ்கள் இரண்டையும் ஒரே கட்டத்தில் அச்சிடலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை.

தேர்வுக் கேள்வியும் அங்கிருந்தே வரலாம். நீர்மட்டம் 128.40 அடி. வரத்து விநாடிக்கு 1,850 கனஅடி, திறப்பு 1,300. அந்த மட்டத்தில் நீர்ப்பரப்பு 5,000 ஏக்கர் என்று கொள்க. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அணை 130 அடியைத் தொட எத்தனை நாள்? கழித்து, பெருக்கி, வகுத்தால் ஏழே கால் நாளுக்குச் சற்று மேல் என்று விடை வரும், ஐந்து மதிப்பெண். அதே பெட்டிச் செய்தியில் நேற்றைய வரத்து 2,100 என்று இருந்ததைக் கவனித்த மாணவி மட்டும் பேனாவைக் கீழே வைக்காமல் இன்னும் எழுதிக்கொண்டிருப்பாள்.